கம்பாலாவில் அந்தப் பையன் ஓடியதைப் பார்த்தவன் எழுதுகிறேன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் உகாண்டா ஓட்டக்காரர் ஜேக்கப் கிப்லிமோ பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நெடுந்தூர ஓட்டத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் ஒரு வரி மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2020-ல் போலந்தின் கிடினியா நகரில் உலக அரை மாரத்தான் தங்கம் வென்றபோது அவர் "திடீரென்று வெளிச்சத்துக்கு வந்தார்" என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். திடீரென்று இல்லை ஐயா. அதற்கு மூன்றரை வருடம் முன்பே, 2017 மார்ச் 26 அன்று, அவர் உலகப் பட்டம் வாங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். அப்போது அவருக்கு வயது 16. அது 20 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கான உலக கிராஸ் கன்ட்ரி ஓட்டம். ஜூனியர் என்பதாலேயே அது யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்த நாட்களில் நான் கம்பாலாவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. கூட வேலை பார்த்த உள்ளூர்ப் பையன்கள் நாலு பேர் என்னையும் கோலோலோ மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். 1962-ல் உகாண்டாவின் சுதந்திர விழா நடந்த இடம் அது. ஸ்டேடியம் கிடையாது, பெரிய திறந்த வெளி. புல்தரையில் கயிறு கட்டிப் பாதை போட்டிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஓட்டக்காரர்கள். டிவியில் இது தெரியாது.

கிராஸ் கன்ட்ரியை நம் பத்திரிகைகளில் "குறுக்கு நாட்டு ஓட்டம்" என்று போடுகிறார்கள். படிப்பவர் ஒரு நாட்டைக் கடந்து ஓடுவதாக நினைத்துக்கொள்வார். காடு மேடு பார்க்காமல் ஓடுவது, அவ்வளவுதான். புல், சேறு, மணல், ஏற்றம், இறக்கம், எது வந்தாலும் ஓட வேண்டும். 2019-ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸில் ஒரு அருங்காட்சியகத்தின் சரிவான புல் கூரை மேலேயே ஏறி ஓட வைத்தார்கள். டிராக்கில் பழகிய கால் இங்கே எடுபடாது. கிராஸ் கன்ட்ரி என்றே எழுதினால் போதும் என்பது என் யோசனை.

சரி, அந்த ஓட்டத்துக்கு வருகிறேன். பையன்களுக்கு 8 கிலோமீட்டர். முதல் சுற்றில் நாங்கள் நின்ற வளைவுக்கு அவர்கள் வரும் முன்பே சத்தம் வந்துவிட்டது. ஆணி ஷூ போட்ட அத்தனை கால்களும் ஒன்றாகத் தரையைக் குத்தும்போது, மாட்டுக் கூட்டம் ஓடி வருகிற மாதிரி காலுக்கடியில் அதிர்கிறது. கடந்து போனபோது மண்ணோடு பிய்ந்த ஒரு புல் கட்டி என் பேன்ட்டில் வந்து விழுந்தது. அடுத்த சுற்றில் கூட்டம் நீண்டு கயிறு போலானது. அதற்கடுத்த சுற்றில் கயிறும் அறுந்துவிட்டது. முன்னால் எத்தியோப்பியா, கென்யா சட்டைகளுக்கு நடுவே ஒல்லியாக ஒரு உகாண்டாப் பையன். என் பக்கத்தில் நின்றவன் என் தோளைப் பிடித்து உலுக்கி, "எல்கன் மலைப் பையன், எல்கன் மலைப் பையன்" என்று கத்தினான். கென்யா எல்லையை ஒட்டிய அந்த மலைச்சரிவிலிருந்துதான் உகாண்டாவின் நல்ல ஓட்டக்காரர்கள் பலரும் வருகிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

கிப்லிமோ முடித்த நேரம் 22 நிமிடம் 40 விநாடி. கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 50 விநாடி, அதுவும் புல்லில். எத்தியோப்பியாவின் அம்தேவொர்க் வாலெலென் 3 விநாடி பின்னால். கென்யாவின் ரிச்சர்ட் யாட்டோர் 22:52-ல் மூன்றாவது. இந்தப் போட்டிகளின் வரலாற்றிலேயே உகாண்டாவுக்கு அதுதான் முதல் தனிநபர் தங்கம், அதுவும் சொந்த மண்ணில். நான் நின்ற இடத்தில் பெரியவர் ஒருவர் முன்பின் தெரியாத என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். பெரியவர்களுக்கான ஆண்கள் ஓட்டத்தில் உகாண்டாவின் ஜோஷுவா செப்டகாய் நல்ல இடைவெளியில் முன்னால் போனார். கடைசிச் சுற்றில் கால் பின்னி, தள்ளாடி, 30-வது இடத்துக்குப் போய்விட்டார். கென்யாவின் ஜெஃப்ரி கம்வொரோர் ஜெயித்தார். அவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. மறுநாள் போனில் ஊர்ப் பத்திரிகைகளைத் தேடிப் பார்த்தேன். செப்டகாய் தள்ளாடிய செய்தி கிடைத்தது. கிப்லிமோ பெயர் எங்கேயும் இல்லை. எனக்கு வருத்தமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

இப்போது உங்கள் கட்டுரை சொன்ன கிடினியாவைப் பாருங்கள். தங்கம் கிப்லிமோ, வெண்கலம் வாலெலென். கம்பாலாவில் 3 விநாடியில் பிரிந்த அதே இரண்டு பையன்கள்! 2017 முடிவைப் படித்தவருக்கு அது திடீர்ச் செய்தியாக இருந்திருக்காது. செப்டகாயும் விழுந்த இடத்திலேயே கிடக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து ஆர்ஹுஸில் அவர் பெரியவர்கள் தங்கத்தை வாங்கினார், கிப்லிமோ அவருக்குப் பின்னால் வெள்ளி. 2023-ல் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்டில் கிப்லிமோ தங்கம், செப்டகாய் வெண்கலம்.

ஜூனியர் பட்டியலைப் பின்னோக்கிப் புரட்டினால் இப்படி நிறைய வரும். 1992-ல் பாஸ்டனில் முதலாவது கென்யாவின் இஸ்மாயில் கிருய், இரண்டாவது எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரெசெலாசி. கிருய் அடுத்த வருடமே, 18 வயதில், 5000 மீட்டரில் உலகச் சாம்பியன். ஹைலே 10,000 மீட்டரில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் எடுத்தார். 2001 போட்டி டப்ளினில் நடக்க வேண்டியது. கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவியதால் பெல்ஜியத்தின் ஆஸ்டெண்டுக்கு மாற்றினார்கள். அங்கே சேற்றில் எத்தியோப்பியாவின் கெனெனிசா பெக்கெலே அரை நிமிடத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜூனியர் ஓட்டத்தை ஜெயித்தார். 2003-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் அருகே ஜெயித்தவர், பின்னாளில் மாரத்தான் ஜாம்பவான் ஆன கென்யாவின் எலியுட் கிப்சோகே. அதே வருடம் ஆகஸ்டில் பாரிஸ் உலகப் போட்டியின் 5000 மீட்டரில் மொராக்கோவின் பிரபல ஓட்டக்காரர் எல் கெரூஜையும் பெக்கெலேயையும் முந்தி அவர் தங்கம் வாங்கியபோதும் "யார் இந்தப் பையன்?" என்றுதான் கேட்டார்கள். ஐந்து மாதம் முன்னால் வந்த முடிவைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதற்காக, நாளைய நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஜெயித்த பையன்கள் எல்லோரும் கிப்சோகே ஆகிவிடவில்லை. சிலருடைய பெயரை நான் பிறகு கேட்கவே இல்லை. அவர்கள் ஓடியது அதனால் குறைந்துபோய்விடுமா? எனக்கு இந்த ஓட்டத்தில் பிடித்ததே இன்னொன்று. ஒரு நாட்டுக்கு ஆறு பையன்கள் ஓடலாம், அதில் முதலில் வரும் நாலு பேருடைய இடங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை எந்த நாட்டுக்குக் குறைவோ, அந்த அணிக்குத் தங்கம். அதாவது, முதலாவதாக வந்தவன் 1 புள்ளி கொடுத்தாலும், நாலாவது பையன் 40-வது இடத்தில் வந்தால் அணி கீழே போய்விடும். பதக்கத்தைத் தீர்மானிப்பது பல நேரம் அந்த நாலாவது பையன்தான். கேமரா அவனைக் காட்டுவதே இல்லை.

கோலோலோவில் முன்னணி ஆட்கள் முடித்த பிறகும் நான் வளைவை விட்டு நகரவில்லை. ரொம்பப் பின்னால் ஒரு பையன் வந்தான். எந்த நாடு என்று நான் கவனிக்கவில்லை. மார்பில் எண் அட்டையின் ஒரு முனை பிய்ந்து படபடத்துக்கொண்டிருந்தது, வாயோரத்தில் எச்சில் காய்ந்து வெள்ளைக் கோடாக இருந்தது. அவனுக்கு முன்னால் நாலடி தூரத்தில் இன்னொருவன். பதக்கத்துக்கும் இந்த இரண்டு பேருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இவன் பல்லைக் கடித்துக்கொண்டு அவனைத் துரத்தினான், வளைவு திரும்பும்போது முந்தியும் விட்டான். கூட்டிப் பார்த்தால் ஒரு இடம், ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளிக்காக அவன் எட்டாவது கிலோமீட்டரில் அப்படி ஓடினான்.

ஆகவே என் வேண்டுகோள். அடுத்த உலக கிராஸ் கன்ட்ரி போட்டி நடக்கும்போது, பெரியவர்கள் முடிவுக்குக் கீழே 20 வயதுக்குட்பட்ட ஆண்கள், பெண்கள் இரண்டு ஓட்டங்களின் முடிவையும் போடுங்கள். பெண்களுக்கு இந்த ஜூனியர் ஓட்டம் 1989-ல்தான் தொடங்கியது, அவர்களையும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் முதல் மூன்று பேரின் பெயர், நாடு, நேரம், அதோடு அணிகளின் புள்ளிகள். எட்டு வரி இடம் போதும். முடிந்தால் கிப்லிமோ கட்டுரைக்கு ஒரு சின்னத் திருத்தமும் வெளியிடுங்கள்: 2017, கம்பாலா, 22:40.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திருநெல்வேலி.