‘குறைந்த ஆபத்து’ யாருக்குக் குறைவு?

ஆசிரியருக்கு வணக்கம்.

கணினிப் பாதுகாப்பு பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில் ஒரு வரி எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) இருக்கும் ஓட்டையால் மெஷினை முடக்க மட்டும்தான் முடியும், அதுவும் லாகின் உள்ளவரால்தான் முடியும் என்றால் அது ‘குறைந்த ஆபத்து’, அவசரமில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஓட்டைகளின் ஆபத்துக்கு மதிப்பெண் போடும் முறையில் இதற்குப் புள்ளி குறைவது புரிகிறது, எதையும் திருட முடியாது, மாற்ற முடியாது, வெளியிலிருந்து நுழையவும் முடியாது. ஆனால் நான் வேலை பார்க்கும் பொறியியல் கல்லூரி லேபில் 60 பேருக்கு ஒரே லினக்ஸ் சர்வர், 60 பேருக்கும் லாகின் உண்டு.

சிவிஇ-2013-4312 (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பொது எண்) என்ற பழைய ஓட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு புரோகிராம் ஒரே நேரத்தில் இத்தனை ஃபைல்தான் திறந்து வைக்கலாம் என்று லினக்ஸில் வரம்பு உண்டு, பெரும்பாலும் 1024. திறந்த ஃபைலை யூனிக்ஸ் சாக்கெட் (ஒரே மெஷினில் புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் வழி) வழியாக அனுப்பிவிட்டுத் தன் பக்கம் மூடிவிட்டால் கணக்கில் கழிந்துவிடும், ஆனால் மறுமுனையில் யாரும் வாங்காதவரை அது கெர்னலின் நினைவகத்திலேயே கிடக்கும். மூன்று புத்தகம்தான் தரும் நூலகத்தில் எடுத்த புத்தகத்தை வாசலில் அடுக்கிவிட்டு, கையில் எதுவும் இல்லை என்று மறுபடி மூன்று புத்தகம் வாங்குவது மாதிரி. இதையே திரும்பத் திரும்பச் செய்தால் ரேம் தீர்ந்துவிடும், ரூட் உரிமை (நிர்வாகியின் முழு உரிமை) தேவையே இல்லை. ரேம் தீர்ந்ததும் கெர்னல் ஏதாவது ஒரு புரோகிராமை நிறுத்தி இடம் தேடும். இடத்தை அடைத்தவர் கணக்கில் ஒன்றும் இல்லாததால், பக்கத்தில் ஒழுங்காக வேலை செய்பவருடைய புரோகிராம் பலியாகலாம்.

ஓட்டையின் எண்ணில் 2013 என்று இருக்கிறது. ஆனால் அனுப்பி வழியில் நிற்கும் ஃபைல்களை யூசர்வாரியாக எண்ணும், கெர்னல் டெவலப்பர் வில்லி டாரோவின் திருத்தம் கெர்னல் 4.4.1-இல் வந்தது 2016 ஜனவரியில்!

எங்கள் லேபில் ஒரு மாடல் பிராக்டிகல் அன்று இதே மாதிரி நடந்தது. முதலில் தட்டிய எழுத்து திரையில் வரத் தாமதமானது, அப்புறம் கர்சரே நின்றுவிட்டது, ஒன்றரை மணி நேரம் எழுதிய புரோகிராமைக் காப்பாற்ற ஒரு மாணவி சேவ் கொடுத்துக்கொண்டே இருந்தார், பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. காரணமான பையனிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, சாக்கெட் பயிற்சியில் வாங்கும் பக்கத்தை எழுத மறந்து லூப்பை ஓடவிட்டிருந்தான், அவ்வளவுதான். கெர்னல் அப்டேட் போட நான் ஏற்கெனவே இரண்டு முறை கேட்டிருந்தேன். “சின்ன ஓட்டைதானே, செமஸ்டர் முடியட்டும்” என்று மேலே சொல்லிவிட்டார்கள்.

இனி இப்படிச் செய்தி போடும்போது மதிப்பெண்ணோடு நிறுத்தாதீர்கள் ஐயா. ஒரே மெஷினைப் பலர் பகிரும் லேப்களும் ஹோஸ்டிங் சர்வர்களும் (பலரின் இணையதளங்களை வைத்திருப்பவை) உடனே பேட்ச், அதாவது திருத்தம், போட வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். அரை நாள் லேபை மூட அனுமதி கேட்கப் போகும்போது அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துப்போய்க் காட்டுவேன்.

இப்படிக்கு,
கல்லூரி லேப் உதவியாளர் ஒருவர்