மங்கல் படத்துக்குக் காரணம் மெசின் மட்டுமல்ல

ஆசிரியருக்கு,

நம் பகுதிச் சிறிய தியேட்டர்களில் படம் மங்கல், சத்தம் காதைக் கிழிக்கிறது, இனி வீட்டு ரி.வி.யே போதும் என்று சென்ற வாரம் ஒரு வாசகர் சலித்து எழுதியிருந்தார். குறை சரிதான். ‘மெசின் பழசு’ என்று அவர் சொன்ன காரணத்தைத்தான் ஒப்ப முடியவில்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பத்து வருட புரொஜெக்ரரும் நல்ல படம் காட்டும்.

முதலில் வெளிச்சம். சாதாரணப் படத்துக்குத் திரையின் நடுவில் சதுர மீற்றருக்கு 48 கண்டெலா (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கவேண்டும் என்பது கணக்கு. படம் மங்கினால் எல்லோரும் பல்பைத்தான் குற்றம் சொல்வார்கள். அதற்கு முன்னால் பார்க்கவேண்டியது ஒப்பரேற்றர் அறையில் படம் திரைக்குப் போகும் வழியிலுள்ள சின்னக் கண்ணாடி. வெறும் ஜன்னல் கண்ணாடியென்றால், துப்புரவாக இருக்கும்போதே இரண்டு பக்கமும் பட்டுத் தெறிப்பதில் நூற்றுக்கு எட்டுப் பங்கு வெளிச்சம் போய்விடும். கச்சான் எனும் வறண்ட மேல்காற்று வீசும் மாதங்களில் புழுதி அதில் படிந்தால் கேட்கவே வேண்டாம். (தின்னும் கச்சானின், அதாவது நிலக்கடலையின், எண்ணெய்க் கையும் அங்கே படுவதுண்டு.) துடைப்பதிலும் முறை இருக்கிறது. முதலில் காற்றடித்துத் தூசியைப் போக்கவேண்டும், பிறகு ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட மெல்லிய துணி. நேரே துடைத்தால் மணல் துணுக்குகள் கண்ணாடியைக் கீறிவிடும். பத்திரிகைத் தாளும் வேண்டாம், உங்களுடையது உட்பட.

அதற்குப் பிறகும் மங்கல் என்றால் பல்ப். புரொஜெக்ரருக்குள் எரியும், செனன் வாயு அடைத்த பல்ப் ஓடிய மணித்தியாலங்களை மெசினே கணக்கு வைக்கும். வெளிச்சம் குறையக் குறைய ஒப்பரேற்றர் கரண்டைக் கூட்டி ஈடுகட்டுவார். அந்த எல்லை முடிந்த பிறகும் செலவுக்குப் பயந்து ஓட்டுவதுதான் ஆபத்து. ஆறிக் கிடக்கும்போதுகூட அந்த பல்புக்குள் வாயு அழுத்தத்தில் இருக்கிறது. முதிர்ந்த பல்ப் வெடித்தால் பின்னால் இருக்கும் கண்ணாடிக் கிண்ணமும் சேர்ந்து போகும். மிச்சம்பிடித்தது போல மூன்று மடங்கு செலவு வைத்துவிடும்.

நடு பளிச்சென்றும் ஓரங்கள் இருட்டாகவும் தெரிந்தால் அது பல்பின் குற்றமல்ல. பெரும்பாலும் முப்பரிமாணப் படத்துக்காகக் கட்டிய, வெள்ளிநிறப் பூச்சுள்ள திரையாக இருக்கும். பக்கவாட்டு ஆசனத்தை விட்டு நடுவுக்கு வந்து பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

மங்கலும் கலங்கலும் வேறு வேறு. கலங்கலை எழுத்தில்தான் பிடிக்கலாம். பெயர் ஓடும்போது எல்லா எழுத்தும் கலங்கினால் போக்கஸ். லென்ஸ் சூடேறினால் போக்கஸ் கொஞ்சம் நகரும், ஆகவே படம் தொடங்கி இருபது நிமிடம் கழித்து ஒப்பரேற்றர் இன்னொருமுறை பார்க்கவேண்டும். ஒரு மூலை மட்டும் கலங்கினால் லென்ஸ் சரிந்திருக்கிறது. வெள்ளை எழுத்தின் ஓரத்தில் சிவப்போ பச்சையோ விளிம்பு கட்டினால், சிவப்பு, பச்சை, நீலம் மூன்று நிறமும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழவில்லை. அது தொழில்நுட்பக்காரர் வந்து பார்க்கவேண்டிய வேலை, ஒப்பரேற்றரைத் திட்டிப் பயனில்லை.

சத்தம் பற்றித்தான் கூடுதலாகச் சொல்லவேண்டும். வசனம் வருவது திரைக்குப் பின்னால், நடுவில் நிற்கும் ஸ்பீக்கரிலிருந்து. அது வெளியே வருவதற்காகத்தான் திரை முழுக்க ஒரு மில்லிமீற்றர் அளவில் துளைகள். திரை பழுப்பேறிவிட்டதென்று சுவருக்கு அடிக்கும் இமல்சனை அடித்தால் துளைகள் அடைபடும். ‘ச’வும் ‘ஸ’வும் போய்விடும், வசனம் தலையணைக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும். அந்த ஸ்பீக்கரில் மேல் சுருதி தரும் ஹோர்ன் உப்புக்காற்றில் பழுதானாலும் இதே கதைதான். வசனம் விளங்கவில்லையென்று சனம் கத்தும், ஒப்பரேற்றர் மொத்தச் சத்தத்தையும் கூட்டுவார், அடுத்த சண்டைக் காட்சியில் பக்க ஸ்பீக்கர்கள் காதைப் பிய்க்கும். வாசகர் பட்ட பாடு இதுவாகத்தான் இருக்கவேண்டும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகி 7இல் நிற்கும்போது வசனம் தெளிவாகக் கேட்கவேண்டும் என்பதே அமைப்பு. தெளிவில்லையென்றால் பார்க்கவேண்டியது நடு ஸ்பீக்கரை, திருகியை அல்ல.

கரண்ட் போனால் ஜெனரேற்றர் போட்டவுடன் படம் ஏன் தொடங்கவில்லை என்று விசில் அடிக்கிறார்கள். றீல் காலத்தில் தொடங்கலாம். நிமிடத்துக்கு 90 அடி ஓடும் படச்சுருள், நின்ற இடத்திலிருந்து ஓடும். இப்போது படக்கோப்பை ஓட்டும் சேர்வர் கணினிபோல எழும்பவே சில நிமிடம் வேண்டும். சூடான பல்புக்கு விசிறி நின்றால் அதன் ஆயுளும் குறையும். பல்பைத் தாங்கும் யூ.பி.எஸ். வாங்க எந்தச் சின்னத் தியேட்டராலும் இயலாது, சேர்வரையும் விசிறியையும் பத்து நிமிடம் தாங்கினால் போதும்.

முதல் காட்சி திடீரென நிற்பதற்கு இன்னொரு காரணம் திறப்பு, அதாவது சாவி. படக்கோப்பு வந்து சேர்ந்தாலும் அந்தத் தியேட்டரின் சேர்வருக்கென்றே, தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் குறித்து வரும் மின்திறப்பு இல்லாமல் படம் திறக்காது. சேர்வரின் பாகத்தை மாற்றிவிட்டு விநியோகஸ்தருக்குச் சொல்ல மறந்தால், பழைய பாகத்துக்கான திறப்புத்தான் வரும்.

ஆசனம் எடுக்கிறவர்கள் திரையிலிருந்து பின்சுவர் வரையான தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடுவில் எடுங்கள். சத்தம் அளந்து பொருத்துவது அந்த இடத்தை வைத்துத்தான். குறை இருந்தால் படம் முடிந்து வாசலில் ரிக்கெற்காரரோடு சண்டை பிடிக்காமல், முதல் அரைமணிக்குள் ஒப்பரேற்றருக்குச் சொல்லியனுப்புங்கள். ‘படம் சரியில்லை’ என்றால் அவருக்கு ஒன்றும் விளங்காது. ‘இடப்பக்க மேல்மூலையில் எழுத்துக் கலங்குது’ என்றால் எங்கே கை வைப்பதென்று தெரியும்.

ஒரு பழைய ஒப்பரேற்றர்,
கல்லடி, மட்டக்களப்பு.