ஒரே சென்சார், இரண்டு தொல்லை

அம்மிணிக்கு,

காலையில் கார் பிடிக்க நேரமாகிறது, ரேடியேட்டர் ஃபேனும் வேண்டாத நேரத்தில் ஓடுகிறது, பட்டறைக்காரர் பேட்டரியும் ஃபேன் மோட்டாரும் மாற்றச் சொல்கிறார் என்றாயே. பேட்டரி வாங்காதே, ஃபேன் மோட்டாரும் வாங்காதே. பட்டறைக்காரர் சொன்ன இரண்டையும் இப்போதைக்கு நிறுத்தி வை. அவர் கழற்றிவிட்ட ஃபேன் வயரை மட்டும் இன்றைக்கே மாட்டச் சொல். மாட்டாமல் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் பக்கம் இறங்காதே. இறங்கும்போது ஒன்றும் தெரியாது. திரும்பி குன்னூர் ஏறும்போது வண்டி இரண்டாவது கியரில் முனகிக்கொண்டுதான் வரும், எதிர்க்காற்று போதாது. அந்த நேரத்தில் ரேடியேட்டரைக் காப்பாற்றுவது ஃபேன் ஒன்றுதான். அது ஓடாமல் சூடேறி, என்ஜின் தலைக்கு அடியில் இருக்கும் சீல், அதுதான் ஹெட் கேஸ்கட், போனால் செலவு எங்கேயோ போய்விடும், ராத்திரியில் நீ காட்டுக்குள் தனியாக நிற்க வேண்டியும் வரும். அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

காலையில் செல்ஃப், அதாவது என்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார், நல்ல வேகமாகச் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கத்தான் நேரமாகிறது என்றாய். பேட்டரி போயிருந்தால் செல்ஃபே இழுத்து இழுத்துச் சுற்றியிருக்கும். சந்தேகம் தீர மல்டிமீட்டர் வைத்துப் பார். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டினால் முழு சார்ஜ். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது. ஓடிச் சூடான வண்டியை நிறுத்தி எடுத்தால் தொட்டதும் பிடிக்கிறது என்றும் சொன்னாய். கடைசியாக, சாவியை ஆன் செய்ததுமே, என்ஜின் ஜில்லென்று இருக்கும்போதே ஃபேன் ஓடுகிறது என்றாயே, எனக்கு அங்கேதான் விடை கிடைத்தது. மோட்டார் கெட்டால் ஃபேன் ஓடாது. இது ஓடக் கூடாத நேரத்தில் ஓடுகிறது. அப்படியென்றால் கம்ப்யூட்டர் ஓடச் சொல்கிறது.

கார்புரேட்டர் வண்டியில் குளிர் காலையில் சோக்கை இழுத்துப் பிடிப்போம், பெட்ரோல் கூடுதலாகப் போகும். உன்னுடையது எம்பிஎஃப்ஐ, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் வகை. சோக் செய்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. என்ஜின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று அதற்குச் சொல்வது கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார், என்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின் சூட்டை அளப்பது. அந்த சென்சாரோ அதற்குப் போகும் வயரோ அறுந்தால் கம்ப்யூட்டருக்குக் கண் கட்டின மாதிரி. அப்போது அது தானாக ஒரு முடிவெடுக்கும்: என்ஜின் சூடாகத்தான் இருக்கிறது, 80 டிகிரி என்று வைத்துக்கொள்வோம், எதற்கும் ஃபேனை ஓடவிடுவோம். அதனால் குளிர்ந்த என்ஜினுக்குக் கிடைக்க வேண்டிய கூடுதல் பெட்ரோல் கிடைக்காது, ஃபேனும் நிற்காது. டேஷ்போர்டில் வெப்ப முள் சரியாகத்தான் காட்டுகிறது என்றாய். அதை நம்பாதே. உன் வண்டியில் முள்ளுக்குத் தனி சென்சார், ஒற்றை வயர். நாம் பார்க்க வேண்டியது தெர்மோஸ்டாட் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இரட்டை வயர் சென்சார். என்ஜின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட்.

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், சாவி போடாமல், அதன் கனெக்டரைக் கழற்று. உள்ளே பச்சை பூத்திருக்கிறதா, வயர் கழுத்தில் ஒடிந்திருக்கிறதா என்று முதலில் பார். பழைய வண்டிகளில் பாதி நேரம் கோளாறு அங்கேதான் இருக்கும். பிறகு மீட்டரை மின்தடை அளக்கும் ஓமில் வைத்து, சென்சாரின் இரண்டு உலோகப் பின்னையும் தொட்டுப் பார். இந்த வகை சென்சார் குளிரக் குளிர ஓம் ஏறும். 20 டிகிரியில் சுமார் 2.5 கிலோ ஓம், 80 டிகிரியில் 0.3 கிலோ ஓம். உங்கள் ஊர் மார்கழிக் காலையில் நாலு ஐந்து கிலோ ஓம் காட்ட வேண்டும். எண்ணே வராமல் ஓப்பன் என்று காட்டினால் சென்சார் செத்துவிட்டது.

இன்னொன்று செய்து பார், ஐடிஐயில் பிள்ளைகளுக்கு நான் விரும்பிச் சொல்லிக்கொடுத்த சோதனை இது. எலக்ட்ரானிக்ஸ் கடையில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வாங்கி, அந்தக் கனெக்டரின் இரண்டு ஓட்டையிலும் அதன் காலைச் செருகு. பிறகு சாவியைப் போடு. ஃபேன் அடங்கி, வண்டியும் சட்டென்று பிடித்தால் வயரிங்கும் கம்ப்யூட்டரும் நன்றாக இருக்கின்றன, சென்சார் மட்டும்தான் போயிருக்கிறது. பார்த்த உடனே வண்டியை நிறுத்தி ரெசிஸ்டரைக் கழற்றிவிடு. அது இருக்கும்வரை கம்ப்யூட்டர் என்ஜினைக் குளிர்ந்ததாகவே நினைக்கும், எவ்வளவு சூடானாலும் ஃபேன் வராது.

சாவியை எடுத்த பிறகும் ஃபேன் ஓடினால் அது வேறு கதை, ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண்ணாடி ஆவி போக ஏசி போட்டால் ஃபேன் ஓடுவது கோளாறே இல்லை.

ரேடியேட்டர் மூடியையும் மாற்றிவிடு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அங்கே 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். என்ஜினோ 90-க்கு மேலும் சாதாரணமாக ஓடுகிற பொருள். உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்துக் கொதிக்காமல் பார்த்துக்கொள்வது அந்த மூடி. ரப்பர் இறுகிப்போயிருந்தால் கோயம்புத்தூரில் தாங்குகிற வண்டி உங்கள் ஊரில் பொங்கும். சூட்டில் மட்டும் மூடியைத் திறந்துவிடாதே, கண்ணு. வெறும் பைப் தண்ணீர் ஊற்றவும் விடாதே. உறைபனி விழுகிற ஊரில் கூலன்ட் கலந்துதான் இருக்க வேண்டும்.

யாராவது "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டால் சூடே ஆகாது" என்றால் சம்மதிக்காதே. நம் ஊர்ப் பட்டறைகளில் நிறையப் பேர் செய்கிற வேலை இது, எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. மலைக்குளிரில் என்ஜின் சூடேறவே ஏறாது, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்கும், மைலேஜ் இறங்கும், ஹீட்டரும் சூடு தராது.

சென்சாரை என்ஜின் ஆறிய பிறகு மாற்றச் சொல். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டுபோய், நூலும் கனெக்டரும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்கு. வாஷரும் புதிது. மாற்றும்போது வழிந்த கூலன்ட்டை நிரப்பி, காற்று வெளியேறியதா என்று பார்க்கச் சொல். அதன் பிறகு ஏசி போடாமல் ஐடிலிங்கில் விட்டு, ஃபேன் தானாக ஓடி, தானாக நிற்கும்வரை பக்கத்திலேயே நில். ஓம் எவ்வளவு காட்டியது என்று நாளைக் காலையில் எனக்கு போன் செய்து சொல், ஏழு மணிக்குள் என்றாலும் பரவாயில்லை, விழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா