கூரை வேலைக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் நாம் கூடி வேலை பார்க்கும் பழைய ஓட்டு வீட்டின் கூரை வேலை சென்ற வாரம் முடிந்தது. உளுத்துப்போன ரீப்பர்களை எல்லாம் மாற்றி, உடைந்த ஓடுகளை எடுத்துப் புதிதாகப் போட்டு, மேற்கு அறையில் ஒழுகிக்கொண்டிருந்த மூலையையும் ஆசாரி அண்ணாச்சி சரிசெய்துவிட்டார். ஐப்பசி மழைக்கு இனிப் பயமில்லை. இதற்குப் பணமாகவும் மரமாகவும் உழைப்பாகவும் கொடுத்தவர்கள் பலர். ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் வந்து சொல்ல வேண்டிய நன்றி இது, வருவேன். அதற்கு முன்னால், அந்தக் கூரைக்குக் கீழே என்னவெல்லாம் நடந்தது என்பதையும் எழுதிவிட நினைக்கிறேன். பணம் கொடுத்தவர்களில் பாதிப் பேருக்கு அது முழுதாகத் தெரியாது.

முதல் நன்றி வீட்டுக்கார ஆச்சிக்கு. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்க, பூட்டியே கிடந்த வீடு இது. இடித்துவிட்டுக் கடை கட்டலாம் என்று கேட்டு ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் நாங்களும் போய் நின்றோம். 2020 ஊரடங்கில் சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்த்த நம் பிள்ளைகள் லேப்டாப்போடு ஊர் திரும்பியிருந்தார்கள். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் 2011இலேயே ஸோஹோ அலுவலகம் வந்து, கிராமத்தில் உட்கார்ந்தும் மென்பொருள் எழுதலாம் என்று காட்டியிருந்தது. ஆனால் வீட்டில் தனியாக இருந்து வேலை பார்ப்பது வேறு. கரண்ட் போனால் வேலை நின்றுவிடும். கூடத்தில் டிவி ஓடும். ஒரு சந்தேகம் என்றால் கேட்க ஆள் கிடையாது. இன்னொரு பக்கம், டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைகள் உட்கார இடம் தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஆச்சி சொன்னது இவ்வளவுதான்: “வாடக உங்களால முடிஞ்சதக் குடுங்க. அடுப்படியப் பூட்டிப் போட்டிராதிய. அடுப்பெரியாத வீட்டுல நான் கால் வைக்க மாட்டேன்.”

அந்த ஒரு நிபந்தனைதான் இந்த இடத்தை இப்படி ஆக்கியது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

இப்படிப்பட்ட இடங்கள் உலகத்தில் சில காலமாகவே உண்டு. டொரண்டோவில் 2004இல் சமூகப் புத்தாக்கத்துக்கென்றே ஒரு மையம் தொடங்கினார்கள். சிறு சிறு தொண்டு அமைப்புகள் ஒரே கூரைக்கு வந்து, நகல் எந்திரத்தையும் கூட்ட அறையையும் பகிர்ந்துகொண்டன. 2005இல் லண்டன் இஸ்லிங்டனில், சமூகத்துக்காக வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து உட்காரும் இம்பாக்ட் ஹப்பின் முதல் இடம் தொடங்கியது. அதே ஆண்டு சான்பிரான்சிஸ்கோவில் பிராட் நியூபெர்க் என்ற கணினிக்காரர், தனியாக வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து உட்கார ஓர் இடம் ஏற்பாடு செய்தார். இவற்றைப் பற்றிப் படித்தபோது எனக்குப் பிடித்துப்போனது ஒரு விஷயம். லண்டன் இடத்தில் உபசரிப்பதற்கென்றே ஆள் வைத்திருந்தார்கள். வருகிறவரிடம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று விசாரித்து, அவருக்கு உதவக்கூடிய இன்னொருவரிடம் கொண்டுபோய் விடுவதுதான் அவர் வேலை. மேசை நாற்காலி யாரும் போட்டுவிடலாம். அறிமுகம் செய்துவைக்க ஆள் இல்லாவிட்டால் அவரவர் திரையை அவரவர் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

நம் கூடத்தில் அந்த வேலையைச் செய்தவர் அடுப்படி அக்கா. சம்பளம் பேசியது டீ போடவும் மத்தியானச் சோறு ஆக்கவும்தான். ஆனால் யார் எந்தக் கம்பெனி, யார் வக்கீலுக்குப் படிக்கிறார், யாருக்கு இந்தி தெரியும், யார் அப்பாவுக்கு டயாலிசிஸ், எல்லாம் அவர் மனதில் இருக்கும். “அந்தத் தம்பிட்ட போய்க் கேளு, அவன் அந்த வேலதான் பாக்கான்” என்று கையில் டம்ளரைக் கொடுத்தே அனுப்பிவிடுவார். அக்கா, நீங்கள் இதைப் படிக்கும்போது “நான் என்னத்தச் செஞ்சேன்” என்பீர்கள். நீங்கள் செய்ததைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

பத்தமடையிலிருந்து ஒரு பெண் பிரிண்ட் எடுக்க வந்தாள். அவள் அம்மா நெய்த பட்டுப்பாய்க்கு விலைச்சீட்டு ஒட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. பத்தமடைப் பாயைப் பற்றி நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தாமிரபரணிக் கரைக் கோரை, மாப்பிள்ளை பெண் பெயர் போட்டு நெய்த கல்யாணப் பாய், புவிசார் குறியீடு எல்லாம் தெரியும். தெரிந்தும் கடையில் பிளாஸ்டிக் பாய் விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசுகிறவர்கள் நாம்தான். பிரிண்டர் சூடாகும்வரை அந்தப் பெண் அடுப்படியில் நின்றாள். அக்கா அவளைக் கணக்குப் பார்க்கும் தம்பியின் மேசைக்கு அனுப்பினார்.

அந்தத் தம்பி விலை எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டான். நூல் இவ்வளவு, சாயம் இவ்வளவு, நெசவுக்கு இவ்வளவு என்று அவள் சொன்னாள். “கோரை கீறுகதுக்கு?” என்றான். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. அவன் திரும்பக் கேட்டான். “அது எங்க வாப்பும்மா வீட்டுல இருந்து செய்யுறது, அதுக்கு எதுக்குக் கூலி?” என்றாள். வாப்பும்மா என்றால் அப்பாவின் அம்மா.

பட்டுப்பாய்க்குக் கோரை கீறுவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எங்களில் பலருக்குத் தெரிந்தது. ஒரு தண்டைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து, உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும் சோற்றை வழித்து எறிந்து, தோலை மட்டும் மறுபடி மறுபடி கீற வேண்டும். கீறியதை ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, எடுத்துக் காயவைக்க வேண்டும். இழை எவ்வளவு மெலிசோ பாய் அவ்வளவு உசத்தி. பாயைப் பட்டாக்குவதே அந்தக் கிழவியின் கைதான். கணக்கில் மட்டும் அவர் இல்லை. அந்தத் தம்பி ஒரு தாளை எடுத்து, கோரை அறுத்தவர், கீறியவர், சாயம் போட்டவர், பாவு ஓட்டியவர், நெய்தவர் என்று தனித்தனிக் கோடு போட்டான். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் என்று எழுதச் சொன்னான். அதைத்தான் கடைசியில் பாயோடு சேர்த்துக் கட்டினார்கள். அடுத்த மேசையில் இருந்த, காது கேளாதோர் பள்ளியில் படித்துவிட்டு டிசைன் வேலை பார்க்கும் தம்பி, படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி ஒவ்வொரு வேலைக்கும் சின்னப் படம் வரைந்து கொடுத்தான். கல்யாணப் பாய் வாங்க வந்த குடும்பம் ஒன்று அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, பேரம் பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்ததாக அவள் வந்து சொன்னாள். இப்போது அந்த வீட்டில் வாப்பும்மாவுக்குத் தனிக் கூலி போகிறது. பக்கத்து வீடுகளும் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் போயிருக்கின்றன. ஒருவர் கணக்கும் இன்னொருவர் படமும் ஒரு கிழவியின் கையும் சந்திக்க ஒரு மேசை வேண்டியிருந்தது. கணக்குத் தம்பிக்கும் படம் வரைந்த தம்பிக்கும் என் நன்றி.

மேலப்பாளையத்துப் பீடி சுற்றும் அம்மாக்களின் பிள்ளைகளுக்காக நடந்ததும் இப்படித்தான் தொடங்கியது. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசு உதவித்தொகை இருக்கிறது. சின்ன வகுப்புக்கு 1,000 ரூபாயில் தொடங்கித் தொழிற்படிப்புக்கு 25,000 ரூபாய் வரை. இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அம்மாவின் தொழிலாளர் அடையாள அட்டை, வருமானச் சான்றிதழ், பாஸ்புக், ஆதார், மதிப்பெண் பட்டியல் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் சிக்கல். முதலில் நம் கூடத்துப் பையன்கள் சனிக்கிழமைதோறும் உட்கார்ந்து பதிந்து கொடுத்தார்கள். கூட்டம் தாங்கவில்லை. அப்போது ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர்தான், “நீங்க செஞ்சு குடுத்தா அடுத்த வருசமும் உங்கள்ட்டதான் வரணும். பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுங்க” என்றார். பிளஸ் டூ படிக்கும் பெண்பிள்ளைகளாகப் பார்த்து அழைத்துக் கற்றுக்கொடுத்தார்கள். இன்றைக்கு அவர்கள் தங்கள் தெருவிலேயே ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைச் செய்கிறார்கள். சில அம்மாக்கள் தட்டை மடியில் வைத்து இலையைச் சுற்றிக்கொண்டே மகள் பதிவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். டீச்சர், அந்தத் திண்ணை உங்கள் யோசனை. உங்களுக்குப் பெரிய கும்பிடு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. ஆற்றில் வெள்ளம், ஜங்ஷன் பேருந்து நிலையத்துக்குள் தண்ணீர், ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு மாட்டிக்கொண்ட பயணிகள். நம் வீடு மேட்டில் இருந்ததால் தப்பியது. இன்வெர்ட்டர் இருந்ததால் தெரு முழுக்கப் போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டது. ஆனால் பெரிய காரியம் அதற்குப் பிறகு நடந்தது. யார் எங்கே மாட்டியிருக்கிறார்கள், யாருக்கு மாத்திரை வேண்டும், எந்தச் செய்தி பழசு என்று பிரிப்பதற்கு வெளியிலிருந்து ஆள் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. மென்பொருள் தம்பிகள் பட்டியல் போட்டார்கள். நர்ஸ் அக்கா அவசரத்தைத் தரம் பிரித்தார். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொரு எண்ணுக்கும் திரும்பப் பேசி உறுதிசெய்தார்கள். மீனவர்களின் படகுகள் வந்தபோது எந்தத் தெருவுக்கு முதலில் போக வேண்டும் என்று சொல்ல நம்மிடம் ஒரு தாள் தயாராக இருந்தது. அவர்கள் எல்லாரும் அதற்கு முன்பே பல மாதம் ஒரே பானைத் தண்ணீர் குடித்துப் பழகியவர்கள். புதிதாக அறிமுகம் செய்துகொள்ள அந்த இரண்டு நாளில் நேரம் இருந்திருக்காது. ராத்திரி முழுக்க அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்ட அடுப்படி அக்காவுக்கு இன்னொரு முறை நன்றி.

சரி, கூரைக்கு வருகிறேன். டொரண்டோ மையம் 2010இல் தனக்கென ஒரு கட்டடம் வாங்க, ஊர்மக்களிடமே கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டியது. வட்டியோடு திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு. அவ்வளவு தூரம் நாம் போகவில்லை. நம் அம்மாக்களுக்குத் தெரிந்த சீட்டு முறையிலேயே செய்தோம். கூடத்துக்கு வருகிறவர்கள் மாதம் கொஞ்சம் கட்டினார்கள். மரக்கடை அண்ணாச்சி ரீப்பரை அசல் விலைக்கே கொடுத்து, பணத்தைச் சீட்டு விழும்போது தந்தால் போதும் என்றார். எலக்ட்ரீஷியன் தம்பி பழைய வயரை எல்லாம் உருவிவிட்டுப் புதிதாக இழுத்துக் கொடுத்தார்; கூலியைப் பாதிதான் வாங்கினார். ஓடு ஏற்ற, இறக்க வந்த பையன்களில் மூன்று பேர் குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்கள். ஊர் கூடித் தேர் இழுப்பது என்று சும்மா சொல்லிவைக்கவில்லை. நம் ஆற்றுக்குக் குறுக்கே 1843இல் வந்த பாலத்துக்கே சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். ஊருக்கு வேண்டியதை ஊர்க்காரரே செய்வது இந்த மண்ணில் பழைய வழக்கம்.

இங்கே ஒன்றை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். பார்க்க வருகிற பெரியவர்கள் சிலர், இங்கிருந்து எத்தனை கம்பெனி தொடங்கியிருக்கிறது என்று கேட்கிறார்கள். அந்தக் கணக்கு எனக்கு முக்கியமாகப் படவில்லை. கோரை கீறுகிறவருக்குக் கூலி போகிறதா, மேலப்பாளையத்துத் திண்ணையில் இந்த வருடமும் ஆள் உட்கார்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். அம்பாசமுத்திரத்திலும் சங்கரன்கோவிலிலும் இது போல ஒன்று தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் பேசியிருக்கிறார்கள். அவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: கண்ணாடித் தடுப்புக்கும் ஏசிக்கும் முதலில் பணம் போடாதீர்கள். எல்லோரையும் தெரிந்த ஓர் ஆளைத் தேடுங்கள், நல்ல சம்பளம் கொடுங்கள். காசு கட்டாமல் வந்து உட்காரவும் சில இடங்களை விட்டுவையுங்கள். பாய்க்காரப் பெண் கட்டணம் கட்டி உள்ளே வந்திருக்க மாட்டாள்.

இன்னும் பலரை எழுத விட்டுப்போயிருக்கும். மழை நேரத்தில் கேபிள் அறுந்தபோதெல்லாம் வந்து ஒட்டிக் கொடுத்த நெட் தம்பி, வாடகை ஒப்பந்தத்தைப் பணம் வாங்காமல் எழுதிக் கொடுத்த வக்கீல் சார், பழைய நாற்காலிகளை அனுப்பிவைத்த கல்யாண மண்டபத்துக்காரர், சத்தம் போடுகிறோம் என்று ஒரு நாளும் முகம் சுளிக்காத பக்கத்து வீட்டு மைனி, எல்லோருக்கும் நன்றி.

சரிசெய்த மேற்கு அறையை இனி சனி, ஞாயிறுகளில் உதவித்தொகைப் பதிவுக்கென்றே விடுகிறோம். பாய்ச்சீட்டு மாதிரி மற்ற கைத்தொழிலுக்கும் கூலிக்கணக்குப் போட கணக்குத் தம்பி ஞாயிறு காலையில் அங்கே இருப்பான். காருகுறிச்சி மண்பாண்டக்காரர்கள் ஏற்கெனவே வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கல்லிடைக்குறிச்சி அப்பளம் போடுகிறவர்களும், வீரவநல்லூர் தறிக்காரர்களும் வரலாம். வரும்போது வேலையில் கைவைக்கிற எல்லோருடைய பெயரையும், வீட்டுக்குள் இருந்து செய்பவர் பெயரையும் சேர்த்து, எழுதிக்கொண்டு வாருங்கள். பதிவுக்கு வருகிறவர்கள் அம்மாவின் அடையாள அட்டையை மறக்காமல் எடுத்து வரவும்.

நன்றியுடன்,
கூடத்துக்காக, உங்களில் ஒருவன்
பாளையங்கோட்டை