காய்ச்சல் நாளுக்கும் கூலி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரைப் பக்கம் வீடு கட்டும் வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறவன் நான். ஐப்பசி, கார்த்திகை வந்தால் எங்கள் வேலையிடங்களில் காய்ச்சல் இல்லாத வாரம் கிடையாது. ஆனால் வீட்டில் படுத்து ஓய்வெடுப்பவர்கள் குறைவு. மெடிக்கலில் ஒரு செட் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு கொத்தனார்கள் சாரம் ஏறிவிடுகிறார்கள். வேண்டாம் என்றால், "இன்னிக்குக் கூலிய நீங்க தருவீங்களாண்ணே?" என்கிறார்கள். குழுக் கடன் தவணை கட்ட வேண்டியவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி அது. தலை கிறுகிறுத்தபடி இரண்டாம் மாடிச் சாரத்தில் ஒருவர் நிற்பது, கீழே கலவை சுமக்கும் சித்தாளுக்கும் ஆபத்து.

நோய்க்கால ஊதியம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1952-இல் நடைமுறைக்கு வந்த இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் சராசரிக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கிறது. ஆனால் அதற்குப் பத்துப் பேராவது வேலை செய்யும் நிறுவனம் வேண்டும். ஆறு மாதத்தில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். எங்கள் ஆட்களோ இந்த வாரம் என்னிடம், அடுத்த வாரம் வேறு மேஸ்திரியிடம். நான்கு பேர், ஆறு பேராகத்தான் வேலை. யார் கட்டுவார் சந்தா?

இவர்களுக்கென்று 1994 முதல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. பிள்ளைகள் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் உதவித்தொகை, அறுபது வயதில் ஓய்வூதியம் எல்லாம் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்கிறது. ஐந்து நாள் காய்ச்சலில் போன கூலியை மட்டும் யாரும் தருவதில்லை. சாரத்திலிருந்து விழுந்து இறந்தால் குடும்பத்துக்குப் பணம் உண்டு. விழாமல் இருக்க வீட்டில் படுத்திருந்தால் ஒன்றும் கிடையாது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

பணம் எங்கே என்று கேட்க வேண்டியதில்லை. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல நிதியாக வசூலாகிறது. வரைபட அனுமதி வாங்கும்போது அந்தப் பணத்தைக் கட்டுகிறவன் என்ற உரிமையில் கேட்கிறேன்: வாரிய அட்டை உள்ளவருக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாளாவது, குறைந்தபட்சக் கூலியில் பாதியாவது அந்த நிதியிலிருந்து கொடுங்கள். இ.எஸ்.ஐ.யில் பொதுவாக முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை. அந்த விதி இங்கே வேண்டாம். மூன்று நாள் காய்ச்சலில் இரண்டு நாளைக் கழித்தால் மிஞ்சுவது என்ன?

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் சீட்டு போதும் என்று வையுங்கள். மேஸ்திரி கையெழுத்து, ஒப்பந்ததாரர் கையெழுத்து என்று அலையவிட்டால் திட்டம் அங்கேயே நின்றுவிடும். பொய்ச் சீட்டு வரும் என்பார்கள். பாதிக் கூலிக்காக முழுக் கூலியை விட்டுவிட்டுப் படுத்துக்கிடப்பவரை நான் பார்த்ததில்லை.

2020 ஊரடங்கில் வாரியத்தில் பதிவு பெற்றவர்களுக்கு அரசு உதவித்தொகை கொடுத்தது. அந்த வழி இருக்கும்போது அடுத்த மழைக்காலத்துக்குள் அரசாணை வெளியிடத் தடை எதுவும் தெரியவில்லை. பதிவே இல்லாமல் வேலை செய்கிறவர்களை, குறிப்பாக வடமாநிலங்களிலிருந்து வந்தவர்களை, வேலையிடத்துக்கே வந்து முகாம் போட்டுத் தொழிலாளர் நலத் துறை சேர்க்க வேண்டும். இடமும் ஆட்களும் காட்ட என்னைப் போன்றவர்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
கட்டட ஒப்பந்ததாரர் ஒருவர்,
மதுரை