பென்னுவின் உப்பை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

பென்னு சிறுகோளின் மண்ணைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். உயிர்கள் புரதம் கட்டப் பயன்படுத்தும் அமினோ அமிலங்களில் 14 வகை அந்த மண்ணில் இருந்ததை அழகாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் உப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முப்பது வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்த எனக்கு அதுதான் பெரிய செய்தி.

நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் பென்னுவில் அள்ளி அனுப்பி, 2023 செப்டம்பர் 24 அன்று அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் வந்திறங்கிய அந்த மண் 121.6 கிராம்தான். அதற்குள் சோடியம் பாஸ்பேட், கார்பனேட், நாம் சாப்பிடும் உப்பு எல்லாம் இருக்கின்றன. உப்பளம் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். பாத்தியில் தண்ணீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படியும், அப்புறம் உப்பு, கடைசியில் மிஞ்சுவது கசப்பு நீர். பென்னு எதிலிருந்து உடைந்து வந்ததோ அந்தப் பெரிய தாய்க்கோளிலும் இப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாகப் படிந்திருக்கிறது. சுமார் 450 கோடி வருடங்களுக்கு முன் அதன் உள்ளே உவர்நீர் நின்று வற்றியிருக்கிறது. அமினோ அமிலம் சும்மா கிடப்பது வேறு, பாஸ்பேட்டோடு சேர்ந்து அடர்த்தியாகிக்கொண்டே போகும் நீரில் கிடப்பது வேறு; அங்கேதான் அவை ஒன்றோடொன்று வினைபுரிய வாய்ப்பு அதிகம்.

அந்த உப்புகளில் ட்ரோனா என்று ஒரு கனிமம். துணி வெளுக்க எடுத்த உவர்மண்ணில் இருக்கும் சோடாவுக்கு நெருங்கிய உறவு. விண்ணிலிருந்து வந்த எதிலும் இதற்கு முன் அதைப் பார்த்ததில்லை. காற்றின் ஈரம் பட்டால் இப்படிப்பட்ட உப்புகள் கரைந்து உருமாறிவிடும். 1864-இல் பிரான்சின் ஒர்கேய் ஊரில் விழுந்த விண்கல்லில் ஓடும் வெள்ளைச் சல்பேட் கோடுகளை ஆதிநீரின் தடம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். பூமிக்கு வந்த பிறகு, நம் காற்றின் ஈரத்தில் உண்டானவை அவை என்று பின்னால்தான் தெரிந்தது. பென்னுவின் மண்ணை, அப்படி ஈரம் படாமல், நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள்ளேயே வைத்துப் பிரித்தது எவ்வளவு பெரிய வேலை!

இன்னொன்று. பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு நம் இரு கைகளைப் போல, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இடது, வலது என இரண்டு வடிவங்கள் உண்டு; உயிர்கள் புரதத்துக்கு இடதுகை வடிவத்தையே எடுத்துக்கொள்கின்றன. அந்தப் பழக்கம் விண்கற்களிலிருந்து வந்தது என்று கட்டுரை உறுதியாகச் சொல்கிறது. பென்னுவில் இடதும் வலதும் ஏறக்குறையச் சமமாகவே இருந்தன. அந்தக் கருத்து இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. இதைத் திருத்தம் போட்டுச் சொல்ல வேண்டும்.

மண்ணில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் வருங்கால ஆய்வுக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்கள். அதனால் பென்னுவைப் பற்றி நீங்கள் மறுபடியும் எழுத வேண்டி வரும். அப்போது உப்பிலிருந்து தொடங்குங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அமினோ அமிலத்தைவிட அது சுலபமாகப் புரியும்.

– ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர், தூத்துக்குடி