நீ கண்டதை எனக்குச் சொல்லாதே

அன்புள்ள குஞ்சு,

உன் பள்ளிப் பிள்ளை ஒன்றிடம் நீ கண்டதை வியாழக்கிழமை இரவு போனில் அழுதபடி கதைத்தபோது அந்தப் பிள்ளையின் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டாய். நான் அதை அந்த இடத்திலேயே மறந்துவிட்டேன். இனி யாருக்கும் சொல்லாதே. அம்மா எனக்கும் கூடாது. 18 வருடம் இதே ரி.ஏ. வேலை, வகுப்பில் ரீச்சருக்கு உதவுகிற வேலை, பார்த்தவள்தான் என்றாலும் நான் உன் பள்ளிக்கூடத்து ஆள் இல்லை. வெள்ளி காலை எட்டு மணிக்கே சேஃப்கார்டிங் லீட்டிடம், பள்ளியில் பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம், போய் எழுதிக் கொடுத்துவிட்டதாக நீ அனுப்பிய செய்தியைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தேத்தண்ணீர் இறங்கியது. ஆகவே இந்தக் கடிதம் அந்தப் பிள்ளையைப் பற்றியது இல்லை. நீ அன்றைக்குச் சொன்ன இன்னொரு வார்த்தை என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "நான் வெறும் ரி.ஏ. தானே அம்மா, ரீச்சர் பார்த்துக்கொள்ள மாட்டாரா?" என்று கேட்டாய்.

மாட்டார் என்று சொல்லவில்லை. ரீச்சருக்கு முன்னால் 30 பிள்ளைகள் இருக்கிறார்கள். நமக்குப் பக்கத்தில் ஒன்று, மிஞ்சினால் நாலு. அந்தக் குட்டிக் கதிரையில் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்து ஒரு பிள்ளைக்கு எழுத்துக் கூட்டக் காட்டும்போது அதன் நகம் தெரியும், கழுத்துப் பட்டியின் அழுக்கு தெரியும், முதல் நாள் போட்ட சேர்ட்டா என்பது தெரியும். ரொய்லெட்டுக்குக் கூட்டிப் போவது நாம். மைதானத்தில் விழுந்தால் முழங்காலைத் துடைத்துவிடுவது நாம். யூன் மாத வெயிலிலும் ஸ்வெற்றரைக் கழற்றமாட்டேன் என்று அடம்பிடிப்பவளை, திங்கட்கிழமை காலையில் மற்றவர்களின் பிஸ்கட்டை வெறித்துப் பார்ப்பவனை, மூன்று மணி ஆனதும் வயிறு வலிக்கிறது என்பவனை, யார் கூட்டிப்போக வந்தால் முகம் மாறுகிறது என்பதை, இதையெல்லாம் பார்க்கிற இடத்தில் நிற்பவர்கள் நாம். முன்பெல்லாம் விளையாட்டுப் பாடத்துக்கு உடை மாற்றும்போது முதுகும் காலும் கண்ணில் படும். கோவிட்டுக்குப் பிறகு எங்கள் பள்ளியில் பிள்ளைகள் வீட்டிலிருந்தே விளையாட்டு உடுப்போடு வரத் தொடங்கினார்கள். நேரம் மிச்சம்தான். ஆனால் ஒரு யன்னல் மூடிவிட்டது என்று எனக்கு அப்போதே தோன்றியது.

சம்பளம் என்ன பெரிய சம்பளம், விடுமுறை வாரங்களுக்குக் காசில்லாமல் கணக்குப் பார்த்துத்தான் தருகிறார்கள். அது வேறு சண்டை.

செப்டம்பர் முதல் நாள் மண்டபத்தில் எல்லோரையும் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார்களே, பிள்ளைகளைப் பாதுகாப்பது பற்றிய இங்கிலாந்து அரசாங்க வழிகாட்டி, அதன் முதல் பகுதி. நீ சும்மா புரட்டியிருப்பாய், நானும் முதல் வருடங்களில் புரட்டினவள்தான். 2014இல் இருந்து வருகிற வழிகாட்டி அது, ஆண்டுதோறும் திருத்துகிறார்கள். பிள்ளைகளோடு நேரடியாக வேலை செய்கிற அனைவரும் அந்த முதல் பகுதியை வாசிக்க வேண்டும் என்பது ரீச்சர், ரி.ஏ. என்று பார்த்து வைத்த விதி இல்லை. "இங்கேயும் நடக்கலாம்" என்ற நினைப்போடு இருக்கச் சொல்கிறது. நம் பள்ளி நல்ல பள்ளி, நம் ஊர் நல்ல ஊர், நம் ஆட்கள் அப்படிச் செய்யமாட்டார்கள் என்று நினைக்கிற எல்லோருக்குமான வரி அது. கடைசியாகச் சொன்னது என்னைப் போன்றவர்களுக்கு. அதைப் பிறகு சொல்கிறேன்.

டானியல் பெல்கா என்று கேள்விப்பட்டிருக்கிறாயா? 2012 மார்ச்சில் கொவென்ட்ரியில் இறந்த 4 வயதுப் பிள்ளை. போலந்துக் குடும்பம். தாயும் தாயின் துணைவனும் பட்டினி போட்டு, அடித்துக் கொன்றார்கள். அடுத்த ஆண்டு இருவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் மற்றவர்களின் சாப்பாட்டை எடுத்துத் தின்றான், குப்பைத் தொட்டிக்குள்ளும் கைவிட்டான். காயங்களையும் கண்டிருக்கிறார்கள். சாப்பாட்டு விஷயத்தில் அவனுக்கு ஏதோ வருத்தம் இருப்பதாகத் தாய் சொன்னார், நம்பினார்கள். ஒருவர் கண்டதும் மற்றவர் கண்டதும் ஒழுங்காக எழுதப்பட்டு ஓர் இடத்தில் வந்து சேரவில்லை. 2013 செப்டம்பரில் ஆய்வறிக்கை வெளிவந்தபோது எங்கள் பள்ளியில் அதை வைத்து ஒரு மாலை முழுக்கப் பயிற்சி நடந்தது. எனக்கு வீட்டுக்கு வந்தும் சாப்பாடு இறங்கவில்லை. அவனுக்கு ஆங்கிலம் பெரிதாக வராது. வீட்டில் என்ன நடக்கிறது என்று அவனோடு அவன் மொழியில் இருந்து கதைத்ததற்குப் பதிவே இல்லை.

இதனால்தான் இரண்டு மொழி தெரிந்த ரி.ஏ. என்பதை நீ பெருமையாகவும் நினைக்க வேண்டும், பயப்படவும் வேண்டும். லீட்ஸிலும் நம் பிள்ளைகள் உன்னிடம்தான் வருவார்கள். தமிழில் சொன்னால் தமிழிலேயே எழுது. அவன் வாயிலிருந்து வந்த அதே சொல்லை, எழுத்துப் பிழை பார்க்காமல், அதன் கீழே ஆங்கிலத்தில் பொருளை எழுது. "அம்மா தோலை உரிச்சுப்போடுவன் என்றவ" என்று ஒரு பிள்ளை சொன்னால், அதை அப்படியே ஆங்கிலமாக்கிக் கொடுத்தால் கேட்கிற வெள்ளைக்காரிக்கு மயக்கமே வரும். நம் வீடுகளில் அதைச் சொல்லாத தாய் யார்? நான் உனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! ஆனால் "அது சும்மா பேச்சு" என்று நீயே தீர்மானித்து விட்டுவிடாதே. சொன்ன சொல், அதன் நேர் பொருள், வழக்கத்தில் அதை எப்படிப் பேசுவோம், மூன்றையும் எழுது. எடைபோடுவது சேஃப்கார்டிங் லீட்டின் வேலை. அவரிடம் அந்தப் பிள்ளையைப் பற்றி உனக்குத் தெரியாத பத்துத் துண்டுகள் இருக்கும். நீ கொடுப்பது பதினோராவதாக இருக்கலாம்.

மாமா என்ற சொல்லும் அப்படித்தான். பிள்ளை "மாமா" என்று சொன்னதை ஆங்கிலத்தில் அங்கிள் என்று எழுதினால் தாயின் தம்பியைத் தேடிப் போவார்கள். நமக்குப் பக்கத்து வீட்டுக்காரரும் மாமா, வாடகைக்கு இருப்பவரும் மாமா, கோயிலில் பிரசாதம் தருபவரும் மாமா. அதை ஒரு வரியில் எழுதிவிடு. "எந்த மாமா, மேல் அறையில் இருக்கிறாரே அவரா?" என்று மட்டும் கேட்டுவிடாதே. நீ பெயரைப் பிள்ளையின் வாயில் போட்டதாகிவிடும், பின்னால் நீதிமன்றம் வரை போனால் அந்த ஒரு கேள்வியே வழக்கைக் கெடுத்துவிடும். "சொல்லு", "அப்புறம் என்ன நடந்தது", அவ்வளவு போதும். படம் எடுக்காதே, உடுப்பை விலக்கிப் பார்க்காதே. கண்ணில் பட்டதை உடல் வரைந்த தாளில் குறி. அண்ணனையோ அக்காவையோ கூப்பிட்டு மொழிபெயர்க்கவும் வைக்காதே, வீட்டில் அதே கை அவர்கள் மேலும் விழலாம்.

"ஒருத்தருக்கும் சொல்லாதீங்கோ மிஸ்" என்பார்கள். சரி என்று தலையாட்டாதே. உனக்கு உதவக்கூடிய ஆளிடம் மட்டும் சொல்லுவேன் என்று சொல். சில பிள்ளைகள் அதோடு வாயை மூடிக்கொள்ளும், மனசு வலிக்கும். பரவாயில்லை. பொய் வாக்குக் கொடுத்து அதை உடைப்பது அதைவிட மோசம்.

இனி என் கதை. இதை நான் உன் அப்பாவுக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம் இருக்கும். நம் ஆட்களின் பொடியன் ஒருவன், கால்மேசு இறங்கியபோது கெண்டைக்காலில் நீளமான கோடுகள் இரண்டு தெரிந்தன. அகப்பைக் காம்பு பட்டால் எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. தாயை எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் பக்கத்தில் நின்று கும்பிடுவோம். கணவர் இரண்டு வேலை, விசா இழுபறி, மூன்று சின்னப் பிள்ளைகள். எழுதிக் கொடுத்தால் சோஷல்காரர் வந்து பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நம் ஆட்கள் பேசுவதை நானும் நம்பினேன். அடியாத மாடு படியாது என்று கேட்டு வளர்ந்தவள் நானும். ஆகவே ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். பின்னேரம் வாசலில் தாயைக் கண்டு, "தங்கச்சி, இங்கே அப்படிக் கைவைக்கக்கூடாது, கண்டால் பிரச்சினை" என்று காதோடு சொன்னேன்.

அடுத்த மூன்று நாள் அவன் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். திரும்பி வந்தபோது நீளக் காற்சட்டை போட்டிருந்தான். என் பக்கத்தில் உட்கார்ந்தான், வாசித்தான், என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு முன் என்னோடு ஓயாமல் தமிழில் அலட்டுவான். அந்த வருடம் முடியும்வரை என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசினான்.

அவன் திரும்பி வந்த அன்றைக்கே போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், வாசலில் கதைத்ததையும் சேர்த்து. லீட்டாக இருந்தவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. பிள்ளைகளை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. அதன் பிறகும் தினமும் பள்ளிக்கு வந்து போனார்கள். அந்த வீட்டுக்கு உதவிக்கு ஆள் போனதாக மட்டும் பின்னால் ஊகித்தேன். முதல் நாளே போயிருக்க வேண்டிய உதவி அது.

சட்டத்தைக் கேட்பாய். இங்கிலாந்தில் பெற்றோருக்கு "நியாயமான தண்டனை" என்ற சாக்கு 2004ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னும் இருக்கிறது, அடையாளம் விழுகிற அடிக்கு அது செல்லாது. ஸ்கொட்லாந்து 2020இலும் வேல்ஸ் 2022இலும் அந்தச் சாக்கையே எடுத்துவிட்டன. எல்லைக்கு அந்தப் பக்கம் குற்றம், இந்தப் பக்கம் வாதம். எனக்கு இது விளங்கவே இல்லை. உனக்கு விளங்க வேண்டியதும் இல்லை, நீ எழுதிக் கொடுத்தால் போதும்.

எழுதிக் கொடுத்த பிறகு உனக்கு யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இது இந்த வேலையில் மிகக் கசப்பான பகுதி. தேவையானவருக்குத் தேவையான அளவு மட்டும் என்பது விதி, நல்ல விதிதான், ஆனால் இரவில் தூக்கம் தராது. எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. 10 வயது சாரா ஷரீப்பின் முகத்தில் கன்றிய அடையாளத்தை 2023 மார்ச்சில் பள்ளி கண்டு, சமூக சேவைக்கும் அறிவித்தது. சில நாளில் கோப்பை மூடிவிட்டார்கள். ஏப்ரலில் வீட்டிலேயே படிப்பிக்கப்போகிறோம் என்று வீட்டார் அவளைப் பள்ளியிலிருந்து எடுத்தார்கள். ஆகஸ்டில் வோக்கிங்கில் அந்த வீட்டிலேயே கொன்றுவிட்டார்கள். ஆகவே ஒரு தரம் எழுதியாயிற்று என்று இருந்துவிடாதே. அடுத்த வாரம் புதிதாக ஏதும் கண்டால் மறுபடி எழுது. போய்க் கேள், "என் தாள் வந்ததா, ஏதும் செய்தீர்களா?" என்று. முகத்தைச் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். லீட் இல்லாத நாளில் தலைமை ஆசிரியரிடமோ துணைத் தலைமையிடமோ போ. ஒருவரும் இல்லை, பிள்ளைக்கு உடனடி ஆபத்து என்றால் நீயே சமூக சேவைக்கோ அவசர எண் 999க்கோ எடுக்கலாம், ரி.ஏ. என்பதால் அந்த உரிமை குறையாது.

வேலைக்கு முன் குற்றப் பின்னணி பார்க்கிற டி.பி.எஸ். சான்றிதழ் வர ஆறு வாரம் எடுத்தது என்று புறுபுறுத்தாயே. 2002இல் சோஹாம் ஊரில் இரண்டு 10 வயதுச் சிறுமிகளைக் கொன்றவன் ஒரு பள்ளிக்கூடத்துப் பராமரிப்பாளன். அவன் மேல் முன்பே இருந்த முறைப்பாடுகள் வேலைக்கு எடுத்தவர்களிடம் போய்ச் சேரவில்லை. அவனுக்காகப் பொலிசிடம் பொய் சொன்ன துணைவி அந்தச் சிறுமிகளின் வகுப்பிலேயே நம்மைப் போல ரி.ஏ. ஆக இருந்தவள். அதற்குப் பிறகுதான் இந்தச் சோதனைகளை இவ்வளவு இறுக்கினார்கள். கூட வேலை செய்கிற ஒருவரிடமே ஏதும் சரியில்லை என்று தோன்றினாலும் அதே கதைதான். தலைமை ஆசிரியரிடம் போ. தலைமை ஆசிரியரைப் பற்றியது என்றால் பள்ளியை நடத்துகிற ஆளுநர் சபையின் தலைவரிடம் போ. தேத்தண்ணீர் அறையில் கதைக்காதே.

பார்சலில் மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் வைத்திருக்கிறேன். தூளை உடனே போத்தலில் போடு, போன முறை மாதிரிக் கட்டிபட விட்டுவிடாதே. அடியில் ஒரு சோடி கையுறை இருக்கிறது, விரல் நுனி திறந்தது. மைதானத்தில் நிற்கும்போது பேனா பிடிக்க வேண்டுமே, லீட்ஸில் இப்போதே குளிர் தொடங்கியிருக்கும்.

அந்தப் பொடியனின் பெயர் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. வரும்போது கேட்காதே.

அம்மா